நூற்று இருபத்திரண்டு புள்ளி மூன்று ஆறு

ஒரு ஜோடி பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டி அளவுதான் அது.
விளக்குக் கம்பத்தின் உச்சியில்
இருட்டைப் பார்த்து விளக்கேற்றும்
சின்னக் கண் ஒன்று இருக்கும்.
அதைத் திருகிக் கழற்றி
நடுவில் எங்கள் இணைப்பைச் செருகி
கண்ணைத் திரும்ப வைத்துவிட்டால்
நகராட்சியின் மின்சாரத்தில்
பெட்டிக்கும் ஒரு வாய்.

ஆம்ப்ரோஸ் கீழே லாரியில்,
நான் மேலே, தூக்கியின் தொட்டியில்.
அலமீடா தீவில் அந்த வசந்தத்தில் மட்டும்
நூற்றுப் பதினேழு கம்பங்கள்.
என்ன அது, வேவு பார்க்கவா
என்று நாயோடு நின்று கேட்டார்கள்.
இன்டர்நெட் என்றேன்.
கம்பி எங்கே என்றார்கள்.

மடிக்கணினியின் மூடிக்குப் பின்னால்
வெல்க்ரோவில் ஒட்டிய கறுப்பு மோடம்.
அது முனகுவது
பக்கத்துப் பெட்டிக்குக் கேட்கும்.
அது அடுத்ததற்கு, அடுத்தது அதற்கடுத்ததற்கு,
தீப்பிடித்த வீட்டுக்கு
கைமாறிக் கைமாறி வாளித் தண்ணீர் போவதுபோல்,
எங்கோ ஒரு கூரையில்
கம்பி உள்ள பெட்டி கிடைக்கும்வரை.
ஒரே அலைவரிசையில் நின்று பேசாது.
தாவும், பேசும், தாவும்.
கார் நகர்ந்தால்
பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கும்.
இடையில் பக்கம் பாதி வந்து நிற்கும்,
ஒரு முழு சிக்னல் நேரம்.

பெட்டிகளிடம் வரைபடம் கிடையாது.
தன் அட்சரேகை, தன் தீர்க்கரேகை,
அவ்வளவுதான் ஒவ்வொன்றுக்கும் தெரியும்.
அதைத் தட்டித் தருவது என் வேலை,
கையுறையோடு, வளைகுடாக் காற்றில்.
ஒரு பெட்டி நிற்கும் இடம்
அது நிற்பதாகச் சொல்லும் இடம்தான்.
மற்றவை எட்டிப் பார்ப்பதில்லை.

மே மாதம் ஒரு புகார்.
நெவா ஃபாகுண்டெஸ், என்சினல் அவென்யூ.
இழுவைப் படகுகளுக்கு வேலை பிரித்துத் தருபவள்,
இரவில், வீட்டு முன் நிறுத்திய காரிலிருந்து,
உள்ளே குழந்தை தூங்குகிறது என்பதால்.
"அனுப்பினால் போகிறது.
பதில்தான் வருவதில்லை."

மூன்று முறை பெட்டியை மாற்றினேன்.
ஆன்டெனாவைத் துடைத்தேன்.
மரத்தைக் குறை சொன்னேன்.
நான்காம் முறை ஆம்ப்ரோஸ்தான்
காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தான்:
நூற்று இருபத்திரண்டு புள்ளி மூன்று ஆறு.
இரண்டு ஆறு இருக்கவேண்டிய இடத்தில்.

என் கட்டைவிரல்
ஒரு பொத்தான் தள்ளி விழுந்திருக்கிறது.
நெவாவின் கம்பம்
ஒன்பது கிலோமீட்டர் மேற்கே
நடுவளைகுடாத் தண்ணீரில் நிற்பதாக
தீவின் அத்தனை பெட்டிகளும் நம்பிக்கொண்டிருந்தன.
அவளுக்கு வந்த பதில்கள் எல்லாம்
தெருத்தெருவாக மேற்கே ஓடி
கரையோரக் கடைசி விளக்குவரை போய்
அதற்கப்பால் கைநீட்ட யாருமில்லாமல்
ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்கின்றன.

சொன்னதும் சிரித்தாள்.
"அங்கே என் படகு ஒன்று நிற்கிறது.
முன்பே சொல்லியிருந்தால்
அள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேனே."

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில்
கம்பெனி மூடியது.
லாரியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்,
தொப்பியைக்கூட.
மேலே இருப்பதை இறக்க
யாருக்கும் சம்பளம் ஒதுக்கவில்லை.
கூரைக் கம்பிகளைத் துண்டித்தார்கள், அவ்வளவே.
ஆம்ப்ரோஸ் இப்போது ஓடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான்.

ஒரு மாலை, பொழுது போகாமல்,
திருப்பித் தராத மோடத்தை
காரில் சொருகிப் பார்த்தேன்.
வெளியே போக வழியில்லை.
ஆனால் காதில் விழும் பெட்டிகளின் பட்டியல்
வரிவரியாக ஏறியது திரையில்,
இன்னும் ஒன்றையொன்று
நீ இருக்கிறாயா என்று விசாரித்துக்கொண்டு.
நெவாவுடையதும் இருந்தது, திருத்தியபடி.

அதற்குக் கீழே இன்னொன்று.
மூன்று ஆறு.

எந்தத் தெரு என்று நினைவில்லை.
அந்த மூலையில் ஒரு மடிக்கணினிகூட
திறக்கப்படவில்லை போலும்.
புகார் வரவில்லை,
கடலில் ஒரு வருடம் நின்றிருக்கிறது.

ஆம்ப்ரோஸை அழைத்தேன்.
வா, ஏறலாம் என்றான்.
எதில் ஏற என்றேன்.
விளக்குகள் எரியத் தொடங்கின,
எங்கள் கம்பங்களும்
எங்களுடையதல்லாத கம்பங்களும்.